அட்டையின் பின்பக்கம்

சுரங்கத்துப் பரிசோதனைக்கூடத்தில் கழித்துப்போட்ட சீட்டுகளை
அனுஜின் கோட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவருவாள்.
மூலையில் செம்பு எத்தனை சதவீதம் என்றிருக்கும்.
அதன் கீழே ஆங்கிலச் சொல் ஒன்றை எழுதுவாள்,
பின்பக்கத்தில் எங்கள் மொழியில் பொருளை.

எனக்கு ஆங்கிலம் தெரியாது.
எர்தெனெத் கம்பள ஆலையின் சாயத்தொட்டி
இதுவரை அதைக் கேட்டதில்லை.
ஆனாலும் இரவு பத்து மணிக்கு மேல்
நான்தான் அவளுடைய தேர்வாளர்.
சொல்லையும் பொருளையும் அவளே சொல்வாள்.
நான் பின்பக்கத்தைப் பார்த்து
ஆமாம் என்பேன், இல்லையென்றால் உதட்டைப் பிதுக்குவேன்.

"விஸ்கஸ். எளிதில் ஓடாதது, பாகு போல."
ஆமாம்.
"இனெர்ட். எதோடும் வினைபுரியாதது."
ஆமாம். நம் கீழ்வீட்டு லுவ்சான், என்றேன்.
தேநீர் மூக்கிலேறச் சிரித்தாள்.
அந்தச் சொல்லை அதன்பிறகு அவள் தவறவிட்டதே இல்லை.

"சாச்சுரேட்டட்" வந்த இரவு
நான் அட்டையைத் திருப்பவில்லை.
பொருளை அவள் சொன்னதும், எனக்குத் தெரியும் என்றேன்.
நாள் முழுக்க அதன் முன்னால்தானே நிற்கிறேன்:
சிவப்பு நூலுக்குள் போய்க்கொண்டே இருக்கும்,
ஏதோ ஒரு கணத்தில் நூல் போதும் என்றுவிடும்.
அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் தரைக்கு,
என் நகங்களுக்கு.
அவள் என் நகங்களைப் பார்த்தாள்.
பென்சிலால் அட்டையின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

ஜனவரி. பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
பால்கனிக் கொடியிலிருந்து எடுத்த அவளுடைய காற்சட்டை
ஆளில்லாமலே சுவரோரம் நின்றது.
வெளியே விட்டால் உருகாது, சொட்டாது,
மூன்றாம் நாள் காய்ந்திருக்கும்.
நீர் எந்த வழியாகப் போனதென்று
இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை.
"சப்ளிமேஷன்" என்றாள். பனி நேராக ஆவியாவது.
அடுத்த அட்டையில் அதே சொல், வால் நறுக்கி:
சப்ளைம். பின்பக்கத்தில், வாயடைக்க வைக்கும் பேரழகு.
"இரண்டும் ஒரே குடும்பமா?"
"பங்காளிகள். பேச்சுவார்த்தை இல்லை."
விறைத்து நின்ற காற்சட்டையை
இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்களைப் பிரித்தது பிரிசிப்பிடேட்.
கரைசலிலிருந்து பிரிந்து அடியில் தங்குவது, வீழ்படிவு என்றாள்,
தினமும் குடுவையில் அதைப் பார்க்கிறவள்.
நான் உதட்டைப் பிதுக்கினேன்.
அட்டையில் இருந்தது: முன்பின் யோசிக்காத அவசரம்.
"தப்பு" என்றாள்.
"நீ எழுதியதுதான்."
"படிவதும் பாய்வதும் எப்படி ஒரே சொல்லாகும்?"
அவள் கத்திய கத்தலில்
லுவ்சான் வெப்பக்குழாயில் டங் டங்கென்று தட்டினான்.
வினைபுரிந்துவிட்டான்! என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
இரண்டு இரவுகள் தனியாகவே படித்தாள்,
அட்டையைத் தானே திருப்பி, தானே தலையாட்டி.

தேர்வு உலான்பாதரில்.
இரவு ரயிலில் போனாள், மறுநாள் இரவு ரயிலில் திரும்பினாள்.
வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:
"அது வந்தது."
"எந்தப் பொருளில்?"
"அவசரம்."
"சரியாகப் போட்டாயா?"
"மூன்று நிமிடம் யோசித்தேன்.
அதற்குப் பிறகு வந்த நான்கு கேள்விகளுக்கு நேரமில்லை."

மதிப்பெண் திரையிலேயே தெரிந்துவிட்டதாம்.
அவள் ஆசைப்பட்ட பல்கலைக்கழகத்துக்குப் போதாது.
கேள்விப்படாத இரண்டு ஊர்களுக்குப் போதலாம்.
சொல்லிவிட்டுச் சூப்பைக் குடித்தாள்,
இன்னொரு கிண்ணம் கேட்டாள்,
கோட்டைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனாள்.

மறுநாள் தொட்டியருகில் புதுப்பெண்
வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றாள்,
இன்னும் கொஞ்சம் சிவப்பு ஊற்றட்டுமா என்று.
நூலை ஒருமுறை பிழிந்து பார்த்தேன்.
"சாச்சுரேட்டட்" என்றேன்.
அது எந்த மொழி என்று அவள் கேட்கவில்லை.
வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.